கதவில்லாத மாளிகை: ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களும் மக்களின் புகார்களும்

 



துல்ஹஜ் மாதத்தின் கடைசி நாட்களில் இருக்கிறோம். ஹிஜ்ரி 23-ல் இதே நாட்களில்தான் அமீருல் மூமினீன் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள் ஃபஜ்ர் தொழுகையில் குத்தப்பட்டு ஷஹீதானார்கள். அவர்களுடைய வீரத்தையும் எளிமையையும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று அவர்களுடைய வாழ்க்கையை ஒரே ஒரு கேள்வியோடு பார்க்கலாம். மதீனாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, மாதக்கணக்கில் பயணம் செய்து போக வேண்டிய ஊரில் ஒரு ஏழைக்கு நடந்த அநியாயம் எப்படித் தெரிந்தது? தெரிந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் அது சரி செய்யப்பட்டது?

இந்தக் கேள்வி கலீஃபாக்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு ஜமாஅத், ஒரு மதரஸா, பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு கடை என்று எதை எடுத்துக் கொண்டாலும் தலைமையில் இருப்பவருக்குக் கடைசியில்தான் விஷயம் தெரிகிறது. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அடுத்த தெருவில் இருக்கும் நிர்வாகத்துக்கு ஆறு மாதம் கழித்துத் தெரிகிறது. யாரும் மறைக்க வேண்டும் என்று நினைப்பதில்லை. சொல்வதற்கு வழியில்லை, அல்லது சொல்லப் பயம், அவ்வளவுதான்.

உமர் (ரலி) அவர்கள் விஷயத்தில் அந்தப் பயம் இன்னும் அதிகம். அவர்கள் குறைஷிகளில் பனூ அதீ கிளையைச் சேர்ந்தவர்கள். தூது போவதும் வழக்குப் பேசுவதும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. உயரமான தோற்றம், உரத்த குரல். சிறு வயதில் தந்தை கத்தாபின் ஒட்டகங்களை மேய்த்தவர்கள். அந்தத் தந்தையின் கடுமையைப் பிற்காலத்தில் அவர்களே நினைவு கூர்ந்திருக்கிறார்கள். நபித்துவத்தின் ஆறாம் ஆண்டு வாக்கில் இஸ்லாத்தை ஏற்றபோது, அதுவரை மறைந்து தொழுத முஸ்லிம்கள் கஅபாவில் வெளிப்படையாகத் தொழுதார்கள் என்றால் அந்த ஆளுமையைப் புரிந்து கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறவர்களாகவும் அவர்கள் இருந்தார்கள். ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது எல்லா ஸஹாபாக்களின் நெஞ்சிலும் ஒரு நெருடல் இருந்தது. அதை நேராக நபி (ஸல்) அவர்களிடமே போய்க் கேட்டவர்கள் உமர் (ரலி). நபி (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார்கள். அப்படிக் கேட்டு விட்டதற்காகப் பின்னால் எத்தனையோ அமல்களைப் பரிகாரமாகச் செய்ததாக உமர் (ரலி) சொல்லியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நபி (ஸல்) அவர்களின் வஃபாத்துக்குப் பிறகு யமாமா போர் நடந்தது. குர்ஆனை மனனம் செய்த காரீகள் பலர் அதில் ஷஹீதானார்கள். எல்லோருக்கும் அது துக்கச் செய்தி. உமர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அதற்குள் இருந்த ஆபத்து தெரிந்தது. அடுத்த போரிலும் இப்படியே காரீகள் போய் விட்டால் குர்ஆனின் நிலை என்ன என்று கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் போய் நின்றார்கள். நபி (ஸல்) அவர்கள் செய்யாததை நாம் எப்படிச் செய்வது என்று அபூபக்கர் (ரலி) தயங்கினார்கள். உமர் (ரலி) விடவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் அல்லாஹ் அபூபக்கர் (ரலி) அவர்களின் உள்ளத்தையும் விரிவாக்கினான். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டு குர்ஆன் ஒன்று திரட்டப்பட்டது. ஆபத்து வருமுன் ஒருவர் வாய் திறந்ததும், மேலே இருந்தவர் அதைக் காது கொடுத்துக் கேட்டதும் சேர்ந்துதான் அந்தக் காரியம் நடந்தது.

ஹிஜ்ரி 13-ல் உமர் (ரலி) அவர்களே கலீஃபா ஆனார்கள். இப்போது நிலைமை தலைகீழ். கேள்வி கேட்டவர் பதில் சொல்லும் இடத்துக்கு வந்து விட்டார். மக்கள் அவர்களிடம் வந்து பேசவே அஞ்சினார்கள்.

வரலாற்று நூல்களில் ஒரு செய்தி வருகிறது. அலீ, உஸ்மான், தல்ஹா, ஸுபைர், ஸஅத் (ரலி) போன்ற பெரிய ஸஹாபாக்கள் கூடிப் பேசி, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். தேவையோடு வருகிற மனிதர், கலீஃபாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வராமல் தேவையைச் சொல்லாமலே திரும்பி விடுகிறார், கொஞ்சம் மென்மையாக இருக்கச் சொல்லுங்கள் என்பது அவர்கள் சொல்லி அனுப்பிய விஷயம். உமர் (ரலி) கேட்டுக் கொண்டார்கள். இன்னின்னார்தான் உங்களை அனுப்பினார்களா என்று விசாரித்தார்கள். ஆம் என்றதும், மென்மையாக இருந்து அந்த மென்மையில் அல்லாஹ்வைப் பயந்ததையும், கடுமையாக இருந்து அந்தக் கடுமையில் அல்லாஹ்வைப் பயந்ததையும் சொல்லி, தப்பிக்க வழி எங்கே என்று அழுதபடியே எழுந்து போனார்கள்.

யார் சொன்னது என்று கேட்டார்களே தவிர, சொன்னவர்களில் யார் மீதும் அதை மனதில் வைத்துக் கொள்ளவில்லை. கடைசி நேரத்தில் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள் அல்லவா? தூது போனவரும் அனுப்பியவர்களும்தான் அந்த ஆறு பேர்!

ஒரு மனிதருடைய கம்பீரம் அல்லாஹ் கொடுத்தது. அதைக் கழற்றி வைக்க முடியாது. மக்கள் தன்னிடம் வரப் பயந்தால் தான் மக்களிடம் போவது என்ற வழி இருக்கிறது. உமர் (ரலி) அவர்களின் பத்தாண்டு ஆட்சியை அந்தக் கோணத்தில் பாருங்கள். ஒன்று அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்கும்படி அவர்கள் வழிகளைத் திறந்து கொண்டே போனது தெரியும்.

இரவு ரோந்து நாம் எல்லோரும் கேட்டது. இப்னு ஸஅத் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். ஒரு வியாபாரக் கூட்டம் மதீனாவுக்கு வந்து, பெருநாள் தொழுகை நடக்கும் முஸல்லாவில் இறங்கியது. இரவில் அவர்களுடைய பொருள்களுக்குக் காவல் இருப்போம் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களையும் அழைத்துக் கொண்டு கலீஃபா போனார்கள். இருவரும் தொழுவதும் காவல் காப்பதுமாக இருந்தார்கள். ஒரு குழந்தை அழும் சத்தம். உமர் (ரலி) போய், அல்லாஹ்வைப் பயந்து குழந்தையைக் கவனியுங்கள் என்று தாயிடம் சொல்லி விட்டு வந்தார்கள். சற்று நேரத்தில் மறுபடி அழுகை. மறுபடி போனார்கள். இரவின் கடைசிப் பகுதியில் மூன்றாவது முறையும் அழுகை. என்ன தாய் நீங்கள், இரவு முழுக்கக் குழந்தை அமைதியாகவே இல்லையே என்று கண்டித்தார்கள்.

எதிரே நிற்பவர் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாரா? தெரியாததால் எரிச்சலோடு சொல்லி விட்டார். குழந்தைக்குப் பால் மறக்கடித்துக் கொண்டிருக்கிறேன், அது மறக்க மாட்டேன் என்கிறது. ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார்கள். பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உமர் உதவித்தொகை கொடுக்கிறார் என்று பதில் வந்தது.

சகோதரர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பைத்துல் மாலிலிருந்து குழந்தைகளுக்கும் பங்கு என்பது நல்ல திட்டம். பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பால் இருக்கிறது, தனி உணவு வேண்டாம், ஆகவே பால் மறந்த பிறகு கொடுக்கலாம் என்று வைத்தால் அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். ஏட்டில் பார்த்தால் தவறே தெரியாது. கணக்கு எழுதுகிறவருக்கும் தெரியாது, பணம் கொடுக்கிறவருக்கும் தெரியாது. நள்ளிரவில் ஒரு குழந்தையின் அழுகையில்தான் அது தெரிந்தது.

அன்று ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அவர்களின் கிராஅத் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை, அழுகை அவ்வளவு மிகைத்திருந்தது. ஸலாம் கொடுத்ததும், முஸ்லிம்களின் எத்தனை குழந்தைகளை உமர் கொன்றிருப்பாரோ என்று தன்னையே நொந்து கொண்டார்கள். அறிவிப்பாளரை அழைத்து, யாரும் குழந்தைகளுக்கு அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம், இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்ததிலிருந்தே தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் கடிதம் போனது.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு மூட்டை கோதுமை கொடுத்து விட்டு வந்திருக்கலாம். நாமாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம், செய்து விட்டுத் திருப்தியோடு தூங்கியும் இருப்போம். உமர் (ரலி) ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டு, அதே காரணத்துக்காக எங்கெங்கோ அழுது கொண்டிருக்கும் குழந்தைகளை நினைத்தார்கள். இரவில் கேட்டது, காலையில் சட்டம் மாறியது.

போருக்குப் போன கணவனின் பிரிவால் வாடிய ஒரு பெண்ணின் குரலை இரவில் கேட்டு, மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, படைவீரர்களை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று முறை வகுத்ததும் இதே வகைதான். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் ரிவாயத்துகள் உண்டு. தனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்தவரிடம் கேட்க, மகளிடம் கேட்கக் கூச்சமான விஷயமாக இருந்தும், அவர்கள் தயங்கவில்லை.

மதீனாவில் நடந்து போகலாம். பஸ்ராவுக்கும் மிஸ்ருக்கும் எப்படிப் போவது? அங்கே கடிதம். ஆளுநர்களின் கடிதம் மட்டுமல்ல. கலீஃபாவின் தூதர் ஒரு ஊரிலிருந்து மதீனா திரும்பும்போது, கலீஃபாவுக்கு எழுத வேண்டியவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று மக்களிடையே அறிவிப்புச் செய்யப்பட்டதாக வரலாற்றில் வருகிறது. ஆளுநரின் கை படாமல் ஒரு சாதாரண மனிதரின் கடிதம் கலீஃபாவிடம் வந்து சேரும். கீழே இருந்து வரும் சிறு குறைகளையும் அவர்கள் தள்ளவில்லை. உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் தேதி இல்லை, எது முந்தியது எது பிந்தியது என்று புரியவில்லை என அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதினார்கள். அதிலிருந்துதான் ஆலோசனை தொடங்கி ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு நிலைபெற்றது. அடுத்த வாரம் பிறக்கப் போகிற முஹர்ரம் புத்தாண்டு, ஓர் அலுவலகக் குறை சரி செய்யப்பட்டதன் விளைவு!

ஆளுநர்களை நியமிக்கும்போது உமர் (ரலி) சில நிபந்தனைகள் விதிப்பார்கள். உயர்ரகக் குதிரையில் ஏறக் கூடாது, சலித்த மாவு ரொட்டி சாப்பிடக் கூடாது, மெல்லிய ஆடை உடுத்தக் கூடாது. கடைசி நிபந்தனை, தேவையோடு வரும் மக்களுக்கு முன்னால் கதவைச் சாத்தக் கூடாது. முதல் மூன்றைத்தான் நாம் மேடைகளில் அதிகம் சொல்கிறோம். நான்காவதற்கு உமர் (ரலி) எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார்கள் என்பதற்குக் கூஃபாவில் நடந்ததைக் கேளுங்கள்.

கூஃபா நகரம் ஹிஜ்ரி 17-ல் உருவானது. உருவாக்கியவர்கள் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி). சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர், காதிஸிய்யா வெற்றியின் தளபதி. அவர்களுடைய மாளிகைக்குப் பக்கத்திலேயே கடைத்தெரு. சத்தம் பேச்சையே மறைத்தது. அதனால் கதவு வைத்தார்கள். கதவு வைத்த பிறகு, இந்தச் சத்தத்தை நிறுத்துங்கள் என்று ஆளுநர் சொன்னார் என்றொரு பேச்சும் பரவியது. மக்கள் அந்த வீட்டை ஸஅதின் கோட்டை என்று அழைக்கத் தொடங்கினார்கள். செய்தி மதீனாவுக்கு வந்தது.

உமர் (ரலி) இப்படிப்பட்ட விசாரணைகளுக்கென்றே ஒருவரை வைத்திருந்தார்கள். அன்ஸாரிகளில் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி), பத்ரில் கலந்து கொண்டவர். அவரை அழைத்து, கூஃபாவுக்குப் போய் அந்தக் கதவை எரித்து விட்டு அப்படியே திரும்பி வாருங்கள் என்றார்கள். அவர் போனார், கடைத்தெருவில் விறகு வாங்கினார், கதவை எரித்தார். ஸஅத் (ரலி) உள்ளே அழைத்தார்கள், அவர் போகவில்லை. ஸஅத் (ரலி) அவர்களே வெளியே வந்து வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தார்கள், அவர் வாங்கவில்லை. கலீஃபாவின் கடிதத்தைக் கொடுத்து விட்டுத் திரும்பினார். மக்கள் உள்ளே வருவதைத் தடுக்கும் கதவு அந்த வீட்டுக்கு இருக்கக் கூடாது என்பது கடிதத்தின் சாரம். சத்தத்தை நிறுத்தச் சொன்னதாகப் பரவிய பேச்சைத் தான் சொல்லவே இல்லை என்று ஸஅத் (ரலி) சத்தியம் செய்தார்கள்.

திரும்பும் வழியில் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களின் உணவு தீர்ந்து போய், மரப்பட்டையைத் தின்று கொண்டு மதீனா வந்து சேர்ந்தார். ஸஅத் கொடுத்ததை ஏன் வாங்கவில்லை என்று உமர் (ரலி) கேட்டார்கள். நீங்கள் அனுமதித்திருந்தால் எழுதிக் கொடுத்திருப்பீர்களே என்றார் அவர். விசாரிக்கப் போகிறவர் விசாரிக்கப்படுபவரின் வீட்டில் ஒரு வேளை சோறுகூடச் சாப்பிடவில்லை. இன்று விசாரணைக்கு வருகிறவருக்கு முதலில் பிரியாணிக்கு ஏற்பாடு நடக்கிறது, அதை விட்டு விடுவோம்.

ஸஅத் (ரலி) செய்த சத்தியத்தை உமர் (ரலி) நம்பினார்கள். செய்தி கொண்டு வந்தவரை விட ஸஅத் உண்மையாளர் என்றார்கள். அப்படியானால் புகாரில் ஒரு பாதி பொய். மறுபாதியான கதவு கண்ணுக்குத் தெரிகிற பொருள், அது எரிந்தது. பாதி பொய் என்பதற்காக முழுப் புகாரையும் குப்பையில் போடவும் இல்லை, பாதி உண்மை என்பதற்காக ஒரு பெரிய ஸஹாபியின் நாணயத்தைச் சந்தேகிக்கவும் இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை ஹஜ். உமர் (ரலி) ஆளுநர்களை ஹஜ்ஜுக்கு வரச் சொல்வார்கள். அந்தந்த ஊர் மக்களும் அங்கே இருப்பார்கள். கூட்டத்தின் முன் எழுந்து நின்று, உங்களை அடிப்பதற்கோ உங்கள் பொருளைப் பறிப்பதற்கோ நான் இவர்களை அனுப்பவில்லை, அப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுந்து சொல்லுங்கள் என்பார்கள். ஒருமுறை ஒரே ஒருவர் எழுந்தார். உங்கள் ஆளுநர் என்னை நூறு சாட்டையடி அடித்தார் என்றார். எதற்காக அடித்தீர்கள் என்று ஆளுநரைக் கேட்டு விட்டு, அந்த மனிதரைப் பழி தீர்த்துக் கொள்ளச் சொன்னார்கள். அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) எழுந்து தடுத்தார்கள். இப்படி ஆரம்பித்தால் புகார்கள் பெருகும், பின்னால் வருகிறவர்களுக்கும் இதுவே வழக்கமாகி விடும் என்பது அவர்களின் கவலை. நிர்வாகம் செய்கிற எல்லோருக்கும் வருகிற கவலைதான் அது. நபி (ஸல்) அவர்களே தன்னிடம் பழிதீர்க்க அனுமதித்ததைப் பார்த்திருக்கிறேன், நான் எப்படி மறுப்பேன் என்று உமர் (ரலி) கேட்டார்கள். கடைசியில், அவரைச் சமாதானப்படுத்த அவகாசம் கொடுங்கள் என்று அம்ர் (ரலி) கேட்க, ஓர் அடிக்கு இரண்டு தீனார் வீதம் இருநூறு தீனார் கொடுத்து அந்த மனிதர் திருப்திப்படுத்தப்பட்டார். அந்த ஹஜ் முடிவதற்குள் விவகாரமும் முடிந்தது.

எல்லாப் புகாரிலும் ஆளுநர் குற்றவாளியாகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஹிம்ஸ் மக்கள் தங்கள் ஆளுநர் ஸயீத் இப்னு ஆமிர் (ரலி) மீது நான்கு குறை சொன்னார்கள். உமர் (ரலி) இரு தரப்பையும் நேருக்கு நேர் உட்கார வைத்தார்கள். பகல் ஏறிய பிறகுதான் வெளியே வருகிறார் என்றார்கள். வீட்டில் பணியாள் இல்லை, நானே மாவு பிசைந்து ரொட்டி சுட்டு விட்டு வருகிறேன் என்றார். இரவில் கூப்பிட்டால் பதில் இல்லை என்றார்கள். பகலை மக்களுக்கும் இரவை அல்லாஹ்வுக்கும் வைத்திருக்கிறேன் என்றார். மாதத்தில் ஒரு நாள் வெளியே வருவதே இல்லை என்றார்கள். இருப்பது ஒரே உடுப்பு, அதைத் துவைத்துக் காயும் வரை வர முடியாது என்றார். திடீரென்று மயக்கம் வருகிறது என்றார்கள். மக்காவில் குபைப் (ரலி) கொல்லப்பட்டதைப் பார்த்துக் கொண்டு சும்மா நின்றேன், அது நினைவுக்கு வரும்போதெல்லாம் அப்படி ஆகிறது என்றார். அவர் மீது தான் வைத்திருந்த எண்ணம் பொய்க்கவில்லை என்று உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். நேருக்கு நேர் கேட்டிராவிட்டால் அந்த நான்கும் நாற்பதாகி ஊர் முழுக்க உலவியிருக்கும்.

ஹிஜ்ரி 18-ல் இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் பெரிய சோதனை வந்தது. ஷாமில் அம்வாஸ் கொள்ளை நோய், ஹிஜாஸில் கடும் பஞ்சம்.

கொள்ளை நோய்ச் செய்தி கிடைத்தபோது உமர் (ரலி) ஷாமுக்குப் போகும் வழியில் ஸர்க் என்ற இடத்தில் இருந்தார்கள். முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், இரு கருத்து. அன்ஸாரிகளைக் கேட்டார்கள், அங்கும் இரு கருத்து. பிறகு மக்கா வெற்றியையொட்டி ஹிஜ்ரத் செய்த குறைஷிப் பெரியவர்களைக் கேட்டார்கள். திரும்புவதுதான் சரி என்று அவர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். திரும்ப முடிவானது. தளபதி அபூ உபைதா (ரலி) அதை வெளிப்படையாக ஆட்சேபித்தார்கள், உமர் (ரலி) அவர்களுக்கு விளக்கம் சொன்னார்கள். ஏதோ வேலையாக வெளியே போயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அப்போதுதான் வந்து, நோய் உள்ள ஊருக்குள் போகக் கூடாது, அங்கிருந்து வெளியேறவும் கூடாது என்ற நபிமொழியைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து விட்டுத் திரும்பினார்கள்.

பஞ்சத்தை ஆமுர் ரமாதா, சாம்பல் ஆண்டு என்பார்கள். மழையின்றி மண் சாம்பல் நிறமானது. பாலைவனத்து மக்கள் மதீனாவைச் சுற்றி வந்து குவிந்தார்கள். ஷாம், இராக் ஆளுநர்களுக்கு அவசரக் கடிதங்கள் பறந்தன, உணவு ஒட்டகங்கள் வந்தன. உமர் (ரலி) மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யும் இறைச்சியும் தொட மாட்டேன் என்று எண்ணெயோடு ரொட்டி சாப்பிட்டு நிறமே கறுத்துப் போனார்கள். இது நீங்கள் கேள்விப்பட்டது.

அதிகம் பேசப்படாத ஒன்றை இப்னு ஸஅத் எழுதியிருக்கிறார்கள். மதீனாவைச் சுற்றி அகதிகள் தங்கிய பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் உமர் (ரலி) பொறுப்பாளர்களை நியமித்தார்கள். பகல் முழுக்க அவர்கள் அங்கே இருப்பார்கள். மாலையானதும் எல்லோரும் கலீஃபாவிடம் கூடி, அன்று தாங்கள் கண்டதையெல்லாம் சொல்வார்கள். தினமும். அன்றைய குறை அன்றைக்கே தெரிந்து விடும்.

பிறகு எண்ணச் சொன்னார்கள். பந்தியில் வந்து சாப்பிட்டவர்கள் ஏழாயிரம் பேர். அதோடு நிறுத்தவில்லை. வர முடியாதவர்கள், அதாவது குடும்பத்துப் பெண்கள், நோயாளிகள், குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னார்கள். அது நாற்பதாயிரம். சில நாள் கழித்து மறுபடி எண்ணினார்கள். வந்தவர்கள் பத்தாயிரம், வராதவர்கள் ஐம்பதாயிரம் ஆகியிருந்தது. பந்தியில் கூட்டம் நிறைந்திருப்பதைப் பார்த்து எல்லோருக்கும் கிடைத்து விட்டது என்று யாரும் ஏமாந்து விடலாம். வந்தவர்களைப் போல ஐந்து மடங்கு அல்லது அதற்கும் மேலானவர்கள் கூடாரங்களில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு இருக்கும் இடத்துக்கே உணவு போனது. நாமும் ரமளானில் நோன்புக் கஞ்சி விநியோகிக்கிறோம், வரிசையில் பாத்திரத்தோடு நிற்பவர்களைப் பார்க்கிறோம். படுத்த படுக்கையாக இருக்கிற தாயை விட்டு வர முடியாதவர் அந்த வரிசையில் இல்லை.

மழை பெய்ததும், வந்த மக்களுக்கு வழி உணவும் வாகனமும் கொடுத்து அவரவர் இடத்துக்கு அனுப்பி வைத்தார்கள்.

கூஃபா திரும்பவும் வருகிறது. ஹிஜ்ரி 21. நிஹாவந்தில் பாரசீகர்கள் பெரும்படை திரட்டிக் கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கூஃபாவிலிருந்து சிலர் வந்து ஸஅத் (ரலி) மீது புகார் சொன்னார்கள். ஒழுங்காகத் தொழ வைப்பதுகூட இல்லை என்பது வரை போனது. இந்தச் சமயத்தில் வந்ததே உங்கள் நோக்கத்துக்குச் சாட்சி, இருந்தாலும் அதற்காக விசாரிக்காமல் விட மாட்டேன் என்றார்கள் உமர் (ரலி). ஸஅத் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். நபி (ஸல்) தொழுதபடியே முதல் இரண்டு ரக்அத்துகளை நீட்டுகிறேன், பிந்திய இரண்டைச் சுருக்குகிறேன் என்றார்கள். உங்களைப் பற்றி என் எண்ணமும் அதுதான் என்றார்கள் உமர் (ரலி). அதோடு விடவில்லை. ஸஅத் (ரலி) அவர்களோடு ஆளனுப்பி, கூஃபாவில் பள்ளிவாசல் பள்ளிவாசலாக, எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்கச் செய்தார்கள். எல்லோரும் நல்லதையே சொன்னார்கள். பனூ அப்ஸ் பள்ளிவாசலில் ஒருவர் மட்டும் எழுந்து, படையோடு போவதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, நீதியாகத் தீர்ப்பதில்லை என்று மூன்று குற்றம் சாட்டினார். ஸஅத் (ரலி) அவருக்கெதிராக துஆச் செய்தார்கள், அது பலித்ததை மக்கள் பின்னால் கண்ணால் பார்த்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. பொய்ப் புகார் சொன்னவருக்கு உமர் (ரலி) தண்டனை எதுவும் கொடுத்ததாக அதில் இல்லை.

ஆனால் ஸஅத் (ரலி) அவர்கள் அந்தப் பதவியில் நீடிக்கவில்லை. குற்றம் இல்லை என்று தெரிந்தும் ஏன் மாற்றினார்கள்? நம்பிக்கை உடைந்த ஊரில், போர் நேரத்தில், தலைவரையும் மக்களையும் பிணக்கோடு விட்டு வைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். என் பார்வையில் அது மிகக் கஷ்டமான முடிவு. ஒரு நிரபராதிக்கு அது வலிக்கும். அந்த வலியை உமர் (ரலி) மறக்கவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கடைசிக் காலத்தில் உமர் (ரலி) ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். ஷாம், ஜஸீரா, மிஸ்ர், பஹ்ரைன், கூஃபா, பஸ்ரா என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மாதம் தங்கி, ஓர் ஆண்டு முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், என்னை வந்து சேராத தேவைகள் மக்களுக்கு உண்டு. ஆளுநர்கள் அதை எனக்குச் சொல்வதில்லை, மக்களாலும் என்னிடம் வர முடிவதில்லை. ரோந்து, கடிதம், ஹஜ், விசாரணையாளர் என்று இத்தனை வழிகளைத் திறந்து வைத்த பிறகும், தனக்கு வந்து சேராதது இன்னும் இருக்கிறது என்று நினைத்தார்கள்.

அந்தப் பயணம் நடக்கவில்லை. முகீரா (ரலி) அவர்களின் அடிமையான அபூ லுஃலுஆ, தன் எஜமான் வாங்கும் தொகை அதிகம் என்று கலீஃபாவிடம் வந்து முறையிட்டான். அவனுக்குத் தெரிந்த தொழில்களைக் கேட்டு விட்டு, அது அதிகமில்லை என்றார்கள் உமர் (ரலி). எஜமானிடம் பேசிக் குறைக்கச் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகவும் ரிவாயத் உண்டு. சில நாட்களில் ஃபஜ்ர் தொழுகையில் அவன் விஷம் தோய்ந்த கத்தியோடு பாய்ந்தான்.

காயத்தோடு படுத்திருந்தபோது அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க நியமித்த ஆறு பேரில் ஸஅத் (ரலி) அவர்களும் ஒருவர். தலைமை ஸஅதுக்குக் கிடைத்தால் அவர் அதற்குத் தகுதியானவர், இல்லாவிட்டால் யார் தலைவரானாலும் அவருடைய உதவியைப் பெற்றுக் கொள்ளட்டும், இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ நான் அவரைப் பதவியிலிருந்து நீக்கவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் தெளிவாகச் சொன்னார்கள்.

உஸ்மான் (ரலி) கலீஃபாவான பிறகு, ஸஅத் (ரலி) அவர்களையே மறுபடியும் கூஃபாவுக்கு ஆளுநராக அனுப்பினார்கள்.

அல்லாஹு தஆலா அந்தப் பெருமக்கள் அனைவரையும் பொருந்திக் கொள்வானாக. ஆமீன். குத்பாவுக்கு நேரமாகி விட்டது, பின்னால் நிற்பவர்களுக்கு இடம் விட்டு முன்னால் நெருங்கி உட்காருங்கள்.